பழைய அம்பாசடருக்கு எவ்வளவு காற்று?

கேள்வி இதுதான்: தாத்தா வாங்கிய அம்பாசடர் மார்க் 2, 1972ஆம் ஆண்டு வண்டி. வெடிப்பு விட்டிருந்த நைலான் டயர்களைக் கழற்றிவிட்டு நான்கு சக்கரங்களிலும் புதிய ரேடியல் போட்டாயிற்று. வண்டியோடு வந்த கையேடு எப்போதோ தொலைந்துவிட்டது. டயர்க் கடையில் 32 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற காற்றழுத்த அலகு) என்றார்கள். பெட்ரோல் பங்கில் கேட்காமலே 35 அடித்துவிட்டார்கள். டயரின் பக்கச்சுவரில் 44 என்று அச்சிட்டிருக்கிறது. பல வருடமாக வண்டியைப் பார்க்கும் மெக்கானிக்கோ, ‘24க்கு மேல் ஒரு சொட்டுக் காற்று ஏற்றாதீர்கள்’ என்கிறார். இதில் எது சரி?

நான்குமே எங்கிருந்தோ நியாயமாகப் புறப்பட்டு வந்த எண்கள்தான். ஆனால் உங்கள் வண்டியில் இப்போது மாட்டியிருக்கும் டயருக்கும், அந்த வண்டியின் எடைக்கும் சேர்த்து யோசித்த எண் ஒன்றுகூட இல்லை.

முதலில் 44ஐத் தள்ளிவைத்துவிடலாம். பக்கச்சுவரில் இருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அழுத்தம். அதைத் தாண்டக்கூடாது என்று டயர் கம்பெனி சொல்கிறது; அவ்வளவு அடியுங்கள் என்று சொல்லவில்லை. அந்த டயர் எந்த வண்டியில் போய் மாட்டப்படும் என்பது செய்தவருக்குத் தெரியாது. தெரியாதபோது எவ்வளவு காற்று வேண்டும் என்று அவர் எப்படிச் சொல்வார்?

பங்கின் 35, இன்றைய கார்களின் பழக்கம். இப்போதைய கார்கள் பலவற்றில் கதவோரத்து ஒட்டுச்சீட்டு 30லிருந்து 36க்குள் ஏதோ ஓர் எண்ணைச் சொல்கிறது. காற்றடிப்பவர் நாள் முழுவதும் அதையே அடித்துக் கை பழகியவர். டயர்க் கடையின் 32ம் அதே இனம், கொஞ்சம் நிதானத்தோடு.

மெக்கானிக்கின் 24தான் சுவையானது. அது நைலான் டயர்க் காலத்து ஞாபகம். அந்தக் காலத்துக்கு அது நல்ல எண். டயர் மாறியபோது எண்ணும் மாற வேண்டும் என்பதை மட்டும் அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

நாம் நைலான் டயர் என்று சொல்வது இழைகள் குறுக்கும் மறுக்குமாகச் சாய்ந்து ஓடும் பழைய கட்டுமானம். ஒன்றின் மேல் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும் அந்த அடுக்குகளே பக்கச்சுவரைக் கெட்டியாக்கிவிடும். வண்டியின் பாரத்தில் ஒரு பங்கைச் சுவரே தாங்கும். மிச்சத்தைக் காற்று தாங்கும். அதனால் 22, 24 என்ற குறைந்த அழுத்தத்திலும் டயர் தன் வடிவத்தை விடாது. ரேடியலில் இழைகள் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நேராகப் போகின்றன. தரையில் படும் பகுதிக்கு மட்டும் தனிப் பட்டைகள் சுற்றியிருக்கும். மிஷ்லன் கம்பெனி 1946ல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. இதன் பக்கச்சுவர் மெல்லியது, வளைந்து கொடுப்பது. பயணம் மெத்தென்று இருப்பதும், தரையைச் சீராகப் பிடிப்பதும் அதனால்தான். அந்தச் சுவரால் பாரம் தாங்க முடியாது. பாரம் முழுக்கக் காற்றின் தலையில் விழுகிறது. ரேடியலில் 22 வைத்துக்கொண்டு வளைவில் திரும்பினால், ஸ்டீயரிங்கைத் திருப்பிய பிறகு வண்டி ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும். நைலானுக்குச் சொன்ன எண்ணோடு 2 முதல் 4 வரை கூட்டுங்கள் என்று பழைய கார்க்காரர்கள் சொல்லிவருவது இதனால்தான். அது மோசமான ஆரம்பம் அல்ல. ஆனால் கையேடு இல்லாததால், கூட்டுவதற்கு உங்களிடம் இருக்கும் அடி எண் மெக்கானிக்கின் ஞாபகம் மட்டும்தான். ஆகவே எடையிலிருந்து தொடங்குவோம்.

உங்கள் டயரில் அளவுக்குப் பக்கத்தில் 82, 87, 91 என்பதுபோல் ஓர் இரண்டிலக்க எண் இருக்கும். அது பாரக் குறியீடு. 82 என்றால் ஒரு டயர் அதிகபட்சம் 475 கிலோ தாங்கும். 87 என்றால் 545. 88 என்றால் 560. இந்தத் தாங்குதிறன் சாதாரண வகை டயரில் 36 பி.எஸ்.ஐ. அழுத்தம் இருக்கும்போது. காற்றைக் குறைத்தால் தாங்கும் எடையும் குறையும். ஐரோப்பிய டயர்த் தரநிலைகளின் வழியில் கணக்கிட்டால், அழுத்த விகிதத்தின் 0.8 அடுக்குப்படி குறைகிறது. கணிதத்தை விட்டுவிடுங்கள், விடைகள் போதும்: 87 குறியீடு கொண்ட டயர் 30ல் ஏறக்குறைய 470 கிலோ தாங்கும், 26ல் 420, 24ல் 394, 20ல் 340.

இனி வண்டியை எடை போடவேண்டும். லாரிகள் ஏறும் எடைமேடைக்குக் கொண்டுபோங்கள். நீங்கள் வழக்கமாக எப்படிப் போவீர்களோ அப்படியே ஆட்களும் பெட்டிகளும் பெட்ரோலும் இருக்கட்டும். முன்சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்தி ஓர் எடை, முழு வண்டியையும் ஏற்றி இன்னோர் எடை. கழித்தால் பின் அச்சின் பாரம் கிடைத்துவிடும். மேடைக்காரர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார், பொருட்படுத்த வேண்டாம்.

எடுத்துக்காட்டாக, நான்கு பேரும் டிக்கியில் சாமான்களுமாக முன் அச்சில் 640, பின் அச்சில் 840 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பின்சக்கரம் ஒன்றுக்கு 420 கிலோ. 87 குறியீட்டு டயரானால் அதற்குக் குறைந்தபட்சம் 26 வேண்டும். முன்சக்கரம் ஒன்றுக்கு 320. கணக்குப்படி 19 போதும். இதைப் பார்த்ததும் முன்னால் 19 வைத்துவிடாதீர்கள். பாரக் கணக்கு சொல்வது தரைமட்டம். அதற்குக் கீழே போனால் டயர் சூடேறிச் சாகும் என்பதற்கான கோடு. வண்டி ஒழுங்காகத் திரும்புவதற்கும், பள்ளத்தில் விழும்போது ரிம் அடிபடாமல் இருப்பதற்கும், பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னால் பாய்வதைத் தாங்குவதற்கும் அந்தக் கோட்டுக்கு மேலே இடம் வேண்டும்.

மொத்தத்தையும் கூட்டிப் பார்த்து நான் சொல்வது: ஒருவர் இருவர் போகும்போது முன்னால் 26, பின்னால் 28. குடும்பத்தோடும் மூட்டைகளோடும் கிளம்பினால் முன்னால் 26ஐ அப்படியே விட்டு, பின்னால் 32. உங்கள் டயரின் குறியீடு 82 ஆக இருந்தால் பின்னால் இன்னும் 2 கூட்ட வேண்டும். உண்மையைச் சொன்னால், அந்த டயரை அம்பாசடருக்கு வாங்கியிருக்கவே கூடாது. டீசல் இன்ஜின் வைத்த வண்டியானால் முன்பாரம் அதிகம், முன்னாலும் 28 வையுங்கள். வேகத்துக்காக எதுவும் கூட்ட வேண்டியதில்லை. அந்தக் கூடுதல் எல்லாம் மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டுகிறவர்களுக்கு. அம்பாசடர் அங்கே போவதற்கு மலையிலிருந்து உருள வேண்டும்.

மேலே சொன்ன எண்களைவிட முக்கியமானது ஒன்று உண்டு: முன்னுக்கும் பின்னுக்கும் இடையே உள்ள வித்தியாசம். நான்கிலும் 25 வைத்தாலும் 30 வைத்தாலும் வண்டி ஏதோ ஓடும். ஆனால் வடிவமைத்தவர் பின்னால் கூடுதல் வேண்டும் என்று நினைத்த வண்டியில் முன்னால் கூடுதலாக வைத்தால், அது வேறு வண்டியாகிவிடும். காற்றுக் குறைந்த டயர் பக்கவாட்டில் அதிகம் நழுவும். எந்தப் பக்கம் முதலில் நழுவ வேண்டும் என்பதை அழுத்த வித்தியாசத்தால் முடிவு செய்யலாம். முன்பக்கம் முதலில் நழுவினால் வளைவில் வண்டி வெளியே தள்ளும். ஓட்டுநர் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பார், வண்டி தானாகச் சீராகும். பின்பக்கம் முதலில் நழுவினால் வண்டி சுழலும். சாதாரண ஓட்டுநரால் அதைச் சமாளிக்க முடியாது.

இதற்கு உலகம் அறிந்த சாட்சி அமெரிக்காவின் ஷெவர்லே கோர்வேர். 1960ஆம் ஆண்டு மாடலாக வந்தது; இன்ஜின் பின்னால். பின்சக்கரங்கள் ஸ்விங் ஆக்ஸில் என்ற அமைப்பில் தொங்கின: சக்கரத்தோடு சேர்ந்து அச்சின் பாதியும் மேலும் கீழும் ஆடும், கடும் வளைவில் சக்கரம் உள்நோக்கி மடங்கப் பார்க்கும். பின்பாரம் அதிகம், பின்சக்கரமும் சாதுவல்ல. அதைச் சமாளிக்க ஜெனரல் மோட்டார்ஸ் கையேட்டில் எழுதிய மருந்து காற்றழுத்தம்: முன்னால் 15, பின்னால் 26. முன்டயரை வேண்டுமென்றே தொளதொளப்பாக வைத்து, முன்பக்கத்தை முதலில் நழுவச் செய்வது. காகிதத்தில் அருமையான யோசனை. ஆனால் 1960ல் அமெரிக்கப் பெட்ரோல் பங்கில் காற்றடிப்பவர், 15 என்ற எண்ணைக் கேட்டால் நம்புவாரா? மற்றக் கார்களுக்கு அடிப்பதையே நான்கிலும் சமமாக அடித்து அனுப்பினால், கம்பெனி யோசித்து வைத்த பாதுகாப்பு அந்தக் காற்றுக் குழாயோடு முடிந்துவிடும். நுகர்வோர் உரிமைக்காக வாதாடிய அமெரிக்க வழக்கறிஞர் ரால்ஃப் நேடர் 1965ல் எழுதிய புத்தகத்தின் முதல் அத்தியாயமே இந்தக் காரைப் பற்றியதுதான். வண்டியின் நிலைத்தன்மையைக் காற்றடிப்பவரின் கையில் ஒப்படைத்த வடிவமைப்பைக் குற்றம் சொல்லாமல் எதைச் சொல்வது என்பது நேடர் கட்சியின் வாதம். 1964 மாடலில் முன்பக்கம், வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஒரு ஸ்திரக்கம்பி சேர்த்தார்கள். 1965ல் பின்சக்கர அமைப்பையே மாற்றினார்கள். அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை 1972ல் வெளியிட்ட அறிக்கை, அதே காலத்து மற்றக் கார்களைவிட அது மோசமில்லை என்று முடித்தது. யார் பக்கம் நியாயம் என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். ஆனால் முன் 15, பின் 26 என்பதை இன்று ஒரு கோர்வேர் வைத்திருப்பவர் மறந்தால் அது அவர் குற்றம்.

வோக்ஸ்வேகன் பீட்டிலும் இதே குடும்பம். பின் இன்ஜின், பழைய மாடல்களில் ஸ்விங் ஆக்ஸில். 5.60-15 டயருக்குக் கையேடு சொல்வது முன்னால் 16ஐ ஒட்டி, பின்னால் 24ஐ ஒட்டி. ரேடியலுக்கு மாறியவர்கள் முன்னால் 18, 20 என்று கொஞ்சம் கூட்டுகிறார்கள். எட்டு என்ற இடைவெளியை மட்டும் பெரும்பாலும் கலைப்பதில்லை. நம் ஊர்ப் பக்கமும் ஸ்விங் ஆக்ஸில் வண்டி ஒன்று உண்டு: சென்னையை அடுத்த பெருங்களத்தூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இன்ஜின் முன்னால்தான், ஆனால் வளைவில் திடீரென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்சக்கரம் மடங்கப் பார்க்கும் குணம் அதற்கும் இருந்தது. அதற்குப் பிறகு வந்த ஸ்டாண்டர்ட் கேஸல் காரில் அந்த அமைப்பை எடுத்துவிட்டுச் சாதாரண முழு அச்சு போட்டார்கள். ஹெரால்ட் வைத்திருக்கும் யாராவது இதைப் படித்தால், உங்கள் பின்டயரில் காற்று முன்டயரைவிட ஒருபோதும் குறையக்கூடாது என்பதை ஆணியடித்தாற்போல் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்பாசடர் இவ்வளவு கோபக்காரன் அல்ல. பின்னால் பட்டை ஸ்பிரிங்கும் முழு அச்சும். ஆனாலும் நான்கிலும் 35 அடிக்கும்போது நடப்பதைப் பாருங்கள். ஸ்டீயரிங் லேசாகிறது, உடனே ஓட்டுகிறவருக்கு மகிழ்ச்சி. பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில் இடம் பார்த்து நிறுத்தும்போது படும் பாடு குறைகிறதே! பலர் 35ஐ விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இந்த ஒரே காரணம். விலை வேறிடத்தில் போகிறது. தரையில் படும் ரப்பர் குறைகிறது. டிரம் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் சீக்கிரம் பூட்டிக்கொள்கிறது. இந்த வண்டியின் முன்பக்க டார்ஷன் பாரும் (முறுகி ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி) ஷாக் அப்சார்பரும் டயரும் கொஞ்சம் அமுங்கும் என்று நம்பி அமைக்கப்பட்டவை. டயர் அமுங்க மறுத்தால் அடி முழுக்க மூட்டுகளுக்குப் போகிறது. வருடத்துக்கு ஒருமுறை முன்பக்க வேலை என்று மெக்கானிக்கிடம் காசு கொடுத்துக்கொண்டு, ‘பழைய வண்டி என்றால் அப்படித்தான்’ என்று சொல்லிக்கொள்பவர்களில் சிலருடைய டயரில் 38 இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஸ்டீயரிங் கனமாக இருந்தால் முன்னால் 2 கூட்டிப் பாருங்கள். அதற்கு மேலும் கனமாக இருந்தால் கோளாறு காற்றில் இல்லை. கிரீஸில் அல்லது சக்கர அலைன்மென்ட்டில் இருக்கிறது.

குறைவான காற்றின் தீங்கு கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் அது கெட்டது. பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்து சூடேறுகிறது. சித்திரை வெயிலில் தார்ச்சாலை, நான்கு பேர், நெடுஞ்சாலை வேகம், இருபதுக்கும் கீழே இறங்கிய டயர் என்று நான்கும் சேர்ந்தால் டயர் வெடிக்க வேறு காரணம் வேண்டாம். மழையிலும் இது வேலையைக் காட்டும். நாசா 1960களில் விமான டயர்களை வைத்துச் சோதித்துச் சொன்ன சூத்திரம் ஒன்று உண்டு: தேங்கிய நீரின்மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம், அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 36 பி.எஸ்.ஐ.யில் ஏறக்குறைய மணிக்கு 100 கிலோமீட்டர், 25ல் 83, 16ல் 67. பட்டனின் (டயர் மேற்பரப்பு வரிகளின்) ஆழமும் நீரின் ஆழமும் சேரும்போது கார் டயரில் இந்த எண்கள் அப்படியே பொருந்தாது; போக்கு பொருந்தும். பீட்டிலின் முன்டயரில் 16 வைத்திருப்பவர் ஐப்பசி அடைமழையில் புறவழிச்சாலையில் என்ன வேகம் போகவேண்டும் என்பதற்கு இது போதுமான குறிப்பு.

எண்ணை வைத்துவிட்டீர்கள். அது சரியா என்று எப்படித் தெரியும்? டயரே சொல்லிவிடும், இரண்டு வழிகளில். சாக்பீஸால் டயரின் அகலம் முழுக்கக் குறுக்கே தடிமனாக ஒரு கோடு போடுங்கள். சமமான நேர்ச்சாலையில் சிறிது தூரம் மெதுவாக ஓட்டிவிட்டு இறங்கிப் பாருங்கள். கோடு முழு அகலத்துக்கும் ஒரே அளவில் அழிந்திருந்தால் சரி. நடுவில் மட்டும் அழிந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரங்களும் அழிந்து நடுவில் சுண்ணாம்பு மிச்சம் இருந்தால் குறைவு. ஓர் ஓரம் மட்டும் அழிந்தால் காற்றைத் தொடாதீர்கள், அலைன்மென்ட் பார்க்கிறவரிடம் போங்கள். ரேடியலின் பட்டைகள் தரையில் படும் பகுதியைத் தட்டையாகவே பிடித்து வைத்திருப்பதால் இந்தச் சோதனை நைலானில் காட்டுமளவு துல்லியத்தை ரேடியலில் காட்டாது. பெரிய தவறுகளை மட்டும் பிடித்துவிடும்.

ரேடியலுக்கு இரண்டாவது வழி மேல். காலையில் குளிர்ந்த டயரில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். முக்கால் மணி நேரம் நெடுஞ்சாலையில் வழக்கமான வேகத்தில் ஓட்டி, நிறுத்தியவுடன் மறுபடி அளங்கள். நான்கை ஒட்டி ஏறியிருந்தால் நீங்கள் வைத்த எண் பொருத்தம். ஆறு, ஏழு என்று ஏறியிருந்தால் டயர் அளவுக்கு மீறி மடங்கிச் சூடாகிறது, காற்றைக் கூட்ட வேண்டும். ஒன்று இரண்டுதான் ஏறியது என்றால் டயர் வேலையே செய்யவில்லை, கொஞ்சம் குறைக்கலாம். இது சட்டமல்ல, அனுபவ வழக்கு. ஆனால் இதற்குப் பின்னால் உள்ள இயற்பியல் எளிது: 28 அளவில் இருக்கும் டயர் ஒவ்வொரு 10 டிகிரி சூட்டுக்கும் சுமார் 1.4 ஏறும். நான்கு ஏறியது என்றால் டயருக்குள் காற்று முப்பது டிகிரியை ஒட்டிச் சூடாகியிருக்கிறது. ஆரோக்கியமான டயருக்கு அது இயல்பு.

அதனால்தான் அளப்பது எப்போதும் குளிர்ந்த நிலையில். வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும். அல்லது பங்குக்குப் போகும் இரண்டு கிலோமீட்டர், அவ்வளவுதான். நெடுந்தூரம் ஓடி வந்து நிறுத்தி, 32 காட்டுகிறதே என்று காற்றை இறக்குவது கெட்ட பழக்கம். மறுநாள் காலை அந்த டயர் 24ல் நிற்கும். வெயிலில் நின்ற வண்டியில் வெயில்பட்ட பக்கம் ஓரிரு புள்ளி கூடுதலாகக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஊட்டிக்குப் போவீர்கள் என்று நினைக்கிறேன், பழைய கார் வைத்திருப்பவர்கள் எப்படியும் ஒருமுறை போய்விடுகிறார்கள். மலைமேல் காற்றைக் குறைக்கவேண்டுமா, கூட்டவேண்டுமா என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். கணக்குப் போட்டால் வேடிக்கையான விடை வருகிறது. மேட்டுப்பாளையத்தில் 30 டிகிரியில் 28 அடித்துக்கொண்டு 2,240 மீட்டர் உயரத்து ஊட்டிக்குப் போய், மறுநாள் 15 டிகிரியில் அளந்தால் கேஜ் கிட்டத்தட்ட 29 காட்டும். குளிரால் 2 புள்ளி குறைகிறது. மேலே வெளிக்காற்றின் அழுத்தமே 3 பி.எஸ்.ஐ. அளவு குறைவு, கேஜ் காட்டுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தைத்தானே, அதனால் அந்த மூன்றும் கூடிவிடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. டயரை அப்படியே விட்டுவிட்டு, இறக்கத்தில் பிரேக் டிரம் சூடாவதைப் பற்றிக் கவலைப்படுங்கள். அது உண்மையான கவலை.

கேஜ் சொந்தமாக ஒன்று வாங்குங்கள். இரண்டு பங்குகளின் கேஜ்கள் ஒத்துப்போவது அபூர்வம். உங்களுடையது ஒரு புள்ளி தவறாகவே காட்டினாலும் எப்போதும் அதே ஒரு புள்ளி தவறு. முன்பின் வித்தியாசம் சரியாக இருக்கும். பழைய கையேடு எங்காவது கிடைத்தால் அதன் அலகைக் கவனியுங்கள். ஐரோப்பியக் கையேடுகள் சதுர சென்டிமீட்டருக்குக் கிலோ என்று சொல்லும், 1.6 என்றால் நம் கணக்கில் சுமார் 23. பார் என்றிருந்தால் ஒன்றுக்கு 14.5. கையேட்டிலேயே ரேடியலுக்குத் தனி எண் இருந்தால் வாதம் முடிந்தது. நான் மேலே சொன்னதை எல்லாம் மறந்துவிட்டு அதிலிருந்து தொடங்குங்கள். எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காருக்கு அப்படி ரேடியலுக்கென்றே கொடுத்திருந்தார்கள்: முன் 21, பின் 24. இன்றைய கண்ணுக்கு இது மிகக் குறைவாகத் தெரியும். அந்தக் காரின் எடை ஒரு டன்னைவிடக் குறைவு, இரண்டு பேர்தான் உட்கார முடியும் என்பதை நினைத்தால் தெரியாது.

இரண்டாம் உலகப் போருக்கு முந்திய வண்டிகளுக்கு இந்தப் பதில் முழுதும் பொருந்தாது. ஃபோர்டு மாடல் டி போன்றவற்றின் பழைய டயர் ரிம்மின் விளிம்பைக் காற்றின் பலத்தால்தான் கவ்விக்கொண்டிருக்கும். அதற்கு 55, 60 என்று அடிக்க வேண்டும். அங்கே 28 வைத்தால் முதல் வளைவில் டயர் கழன்று தனியாக ஓடும்.

ட்யூப் பற்றி ஒரு வார்த்தை. புதிய ரேடியல் பெரும்பாலும் ட்யூப்லெஸ் வகை. உங்கள் ரிம் அந்தக் காலத்து ரிம்மானால் ட்யூப்லெஸ் டயரின் விளிம்பை இடத்தில் பிடித்து வைக்கும் சிறு மேடு அதில் இருக்காது, துருவும் இருக்கும். காற்றுக் குறைந்த நேரத்தில் கடும் வளைவு வந்தால் டயர் உள்ளே நழுவிக் காற்று மொத்தமும் ஒரே நொடியில் போய்விடும். ஆகவே ட்யூப் போட்டே ஓட்டுங்கள், ரேடியலுக்கென்று விற்கும் ட்யூபாக, சரியான அளவில். மாட்டும்போது டயரின் உட்புறத்தில் ஒட்டுச்சீட்டு ஏதாவது இருந்தால் உரித்துவிடச் சொல்லுங்கள். அந்தக் காகித ஓரம் ட்யூபை மெல்ல மெல்ல அறுத்துவிடும். காரணம் தெரியாத பஞ்சர் என்று கடைக்காரர் கையை விரிப்பார். ரிம்மின் அகலத்தையும் அளந்து, டயர் கம்பெனி அந்த அளவுக்குச் சொல்லும் ரிம் அகலத்தோடு ஒப்பிடுங்கள். குறுகலான பழைய ரிம்மில் அகலமான டயரைத் திணித்திருந்தால் நடுப்பகுதி புடைத்துக்கொள்ளும். எந்த எண்ணை வைத்தாலும் நடுவில்தான் தேயும். நைட்ரஜனுக்குக் காசு கொடுக்க வேண்டாம். சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு அதுதான்.

தாத்தாவின் கார் என்றால் ஓடுவதைவிட நிற்பதே அதிகமாக இருக்கும். நிற்கும் வண்டியிலும் மாதத்துக்கு ஓரிரு புள்ளி காற்று தானாக இறங்கும். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் 36 வரை ஏற்றிவையுங்கள், ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாவது குறையும். எடுக்கும் அன்று மறக்காமல் இறக்குங்கள். டயரின் வயதையும் பாருங்கள். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. மூன்று இலக்கம்தான் இருக்கிறது என்றால் அது 2000க்கு முந்தியது. பட்டன் புத்தம்புதிதாகத் தெரிந்தாலும் அதற்கு எந்தக் காற்றழுத்தமும் சரியில்லை, கழற்றிப் போடுங்கள்.

டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியையும் பாருங்கள். நான்கு டயரை மாற்றியவர்கள் பெரும்பாலும் ஐந்தாவதை விட்டுவிடுகிறார்கள். உங்களுடையதில் பழைய நைலான் டயரே இருக்கும் என்பது என் ஊகம். ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியல், மறு பக்கம் நைலான் என்று ஓடக்கூடாது. முன்னால் இரண்டு ரேடியல், பின்னால் இரண்டு நைலான் என்பதும் ஆபத்து, பின்பக்கம் முதலில் நழுவும் வண்டியாக அது மாறிவிடும். ஐந்தாவது ரேடியல் வாங்கும்வரை ஸ்டெப்னி மாட்ட நேர்ந்தால், அடுத்த பஞ்சர்க் கடை வரை மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டாமல் போங்கள். வாங்கிய பிறகு அதில் 34 அடித்து வையுங்கள். நடுவழியில் மாட்டும்போது எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுக்கு இறக்கிக்கொள்ளலாம்; ஏற்றுவதற்கு அங்கே பம்ப் இருக்காது.